பூசணம் பாடிய பதிகம்

கடலைக் கடைந்தபோது எழுந்த நஞ்சை யாருக்கும் பங்கு வைக்காமல் தானே வாங்கி உண்டு, அதை வயிற்றுக்குள் இறங்கவிடாமலும் வாய்க்குத் திரும்பவிடாமலும் மிடற்றிலேயே நிறுத்தி, அந்த நீலத்தை ஓர் அணிகலனாகச் சூடிக்கொண்ட பெருமானின் திருவடி வாழ்க. அந்நேரம் அருகிருந்து, பதறிய பதற்றத்தில் எந்தக் கை என்று பாராமல் ஒரு கையை நீட்டி அவன் கழுத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்ட அம்மையின் வளைக்கரம் வாழ்க. நஞ்சுண்டவனைப் பாடிப் பாடி நமக்கு நாவினிக்கிறது. பிடித்த கை எத்தனை நேரம் பிடித்திருந்ததோ, மரத்துப்போயிற்றோ என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கதை அந்தக் கைக்குரியவளின் காலடியில் வைக்கப்படுகிறது.

குற்றால மலையின் தோளில் மேகம் சாய்ந்தால் அதன் ஈரம் வந்து தொடுகிற தூரத்தில் நீலப்பேரி என்றோர் ஊர். ஆனி பிறந்தால் அங்கே காற்றே நனைந்து வரும். சாரல் என்று அதற்குப் பெயர். அந்நாட்களில் தீக்குச்சி உரசினால் மருந்து கரையும், உப்பு ஜாடிக்குள் ஊற்றுக்கண் திறக்கும், பொரித்த அப்பளம் இலைக்கு வருமுன் துணியாய் மடங்கும், வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மறுவாரம் பச்சைக் கம்பளி போர்த்துக் கிடக்கும். ஊரார் அந்தச் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு நடப்பார்களேயன்றி முகம் சுளிக்க மாட்டார்கள். ஊருக்கு நடுவே நீலகண்டேசுவரர் கோயில். அம்மைக்கு மிடறுகாத்த நாயகி என்று திருநாமம். அந்தச் சன்னிதியில் பதிகம் பாடுகிற ஊழியம் ஆவுடைநாயக ஓதுவாருடையது.

கோயில் தெருவில், கோயிலுக்கே சொந்தமான சிறிய வீட்டில், ஓதுவாரும் அவர் மனைவி உலகம்மையும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. விடியற்காலையில் மேற்குச் சுவரோரம் பாயை விரித்து அவர் பண் பயிலத் தொடங்கினால், பால்காரர் தம் வண்டியின் இன்ஜினை அணைத்துவிட்டுத் தெரு முனைவரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். உலகம்மை மட்டும் அந்நேரம் எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை. மேற்குச் சுவருக்கு வெளியே, கொல்லையில், கூரையைச் சரித்து இறக்கிய ஒரு சாய்ப்பு; அதில் வெந்நீர் அடுப்பு. கணவரின் தொண்டைக்கு வெந்நீர் வைப்பதே அவளுடைய காலை வேலை. பாட்டைக் கேட்பாளா என்று யாராவது கேட்டால், “எனக்கு விறகு ஊதவே நேரம் சரியா இருக்கு” என்பாள்.

அந்தக் குரல் ஒரு வைகாசியில் கம்மத் தொடங்கியது. முதலில் உச்சத்தில் ஒரு பிசிறு. பிறகு தாழ்வில் ஒரு பள்ளம். ஆனிச் சாரல் இறங்கியபோது பாட்டுக்கு நடுவே நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல ஓர் ஓசை. ஆடி பிறந்த அன்று அவர் சன்னிதியில் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அர்ச்சகர் தீபத்தை ஏந்தியபடி சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு தீபாராதனையை முடித்தார்.

ஐப்பசியில் திருக்கல்யாணம். பெருமான் அம்மைக்கு மங்கலநாண் பூட்டும் நேரத்தில் ஓதுவார் பாடுகிற பதிகம் இல்லாமல் அந்த ஊரில் தாலி ஏறியதே கிடையாது. அந்தப் பதிகத்தைக் கேட்டுத்தான் ஊர்ப் பெண்களும் தத்தம் தாலியில் குங்குமம் வைத்துக்கொள்வார்கள். ஓதுவாருக்கு இரவில் உறக்கமில்லாமற்போனது அதை நினைத்துத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, “மூச்சுக்குழல் சுருங்கியிருக்கு. வீட்ல எங்கயாவது பூசணம் பிடிச்சிருக்கா?” என்று வினவினாள்.

உலகம்மைக்கு அது சுருக்கென்று பட்டது. “எங்க வீட்லயா? வெள்ளிக்கு வெள்ளி மூலை முடுக்கெல்லாம் கழுவி விடுதேன். எங்க வீட்டுத் தரையில சோத்தைப் போட்டுத் தின்னலாம், பாத்துக்கிடுங்க.”

“கண்ணுக்குத் தெரியாத இடத்துல பாருங்கம்மா” என்றாள் டாக்டரம்மா.

பார்க்க வேண்டிய தேவை வரவில்லை. அடுத்த பிரதோஷத்தன்று விளக்கேற்றிய வேளையில், மேற்குச் சுவரை மறைத்து நின்ற மரப் பீரோவின் பின்னாலிருந்து மாலைப் பதிகம் கேட்டது. சிறிதும் பிசிறாத குரல். சாரலுக்கு முந்தைய குரல். இன்னும் சொல்லப்போனால், ஓதுவார் இளைஞராய் ஊழியத்துக்கு வந்த நாளில் ஊர் கேட்டு வியந்த குரல். இருவரும் டார்ச் விளக்கை எடுத்துப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே அடித்துப் பார்த்தார்கள். தரையிலிருந்து மேலே கைக்கெட்டும் உயரம் வரையில் சுவர் முழுவதும் சாம்பலும் பச்சையும் கருமையுமாய்ப் பட்டுப்போல் பூசணம் பூத்திருந்தது. ஒவ்வோர் அடி பாடும்போதும் காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

உலகம்மை மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டாள்: “சுருதி சேருதா?”

ஓதுவார் கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, சேருகிறது என்று தலையசைத்தார்.

மறுநாளே ஊர் வந்துவிட்டது. எதிர்வீட்டுச் செண்பகவடிவு ஒரு முழம் பிச்சிப்பூவைப் பீரோவின் கைப்பிடியில் சுற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் சுற்றினாள். மாலைதோறும் வாசலில் செருப்பு குவிந்தது. தெருமுனையில் சுண்டல் விற்கிறவர் தம் வண்டியை வீட்டெதிரே கொண்டுவந்து நிறுத்தினார்; பதிகம் முடிகிறவரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று அவராகவே ஒரு நியமம் வைத்துக்கொண்டார். பூசணம் தீட்டாயிற்றே, அது பெருமானைப் பாடலாமா என்று மண்டபத்தில் ஒரு வழக்கு எழுந்து, இரண்டு நாள் சூடாக நடந்து, தாமரையும் ஈரத்தில் முளைத்ததுதானே என்று ஒருவர் கேட்டதோடு அடங்கிற்று. சுவர் எப்படிப் பாடுகிறது என்று ஆராய்ந்தவர் எவருமில்லை. நன்றாய்ப் பாடுகிறதா என்பதே ஊரின் கேள்வி. நன்றாய்த்தான் பாடியது.

தர்மகர்த்தா மூக்கையா பிள்ளை ஒரு நாள் வந்து முழுப் பதிகத்தையும் கேட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஓதுவாரே, வீடு கோயில் வீடு. அப்ப சுவரும் கோயில் சுவருதான். திருக்கல்யாணத்துக்கு இதையே பாட வைக்கலாம். நீங்க சிவனேன்னு உக்காந்து கேளுங்க. வயசான காலத்துல எதுக்கு இந்தத் தொண்டைய வருத்துதிய?”

அவர் அன்போடுதான் சொன்னார். ஓதுவாரும் அன்பென்றே எடுத்துக்கொண்டார்.

சவுண்டு சர்வீஸ் பீர்முகமது மைக்கோடு வந்து சேர்ந்தார். கோயில் விழா, மசூதிக் கந்தூரி, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அந்த ஊரின் ஒலி அவர் கையில். பீரோவின் இடுக்கில் மைக்கைச் செருகி, வயரைக் கோயில் வரையில் இழுத்துப் போட்டுச் சோதித்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

“ஐயா, பாட்டு தங்கமா இருக்கு. ஆனா ஒவ்வொரு அடி முடியும்போதும் ஒரு ‘ம்’ வருது. மைக்கு இரைச்சல்னு வயரை மாத்துனேன், ஆம்ப்ளிஃபயரை மாத்துனேன். போக மாட்டேங்குது.”

“சுவரு மூச்சு விடுது போல, பீரு” என்றார் ஓதுவார் கம்மிய குரலில்.

“சுவரு என்ன மூச்சு விடுதோ, நீங்க விடுத மூச்சுதான் எனக்கு இங்க வரைக்கும் விசிலடிக்குது” என்றார் பீர்முகமது.

இதற்கிடையே ஊரில் இன்னொன்று நடந்தது. ஓதுவார் வீட்டுக்கு வாய்த்தது நமக்கு வாய்க்காதா என்ற ஆசையில் பலர் தத்தம் வீட்டுச் சன்னலைச் சாத்தி, பீரோவைச் சுவரோடு நெருக்கி, ஈரத் துணியைப் பின்னால் தொங்கவிட்டார்கள். பூசணம் எல்லார் வீட்டிலும் பூத்தது. ஆனால் மளிகைக்கடைக்காரர் வீட்டுச் சுவர் ராத்திரியெல்லாம் அவர் குறட்டையையே விட்டது. செண்பகவடிவு வீட்டுச் சுவரோ, அவள் அடுப்படியில் நின்று முணுமுணுத்ததை எல்லாம் மாமியார் கூடத்தில் இருக்கும்போது தெளிவான உச்சரிப்பில் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டது. அவள் அன்றைக்கே பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக்கொண்டு சுவரில் இறங்கினாள்.

“எங்க வீட்டுச் சுவருக்கு வாய் ஜாஸ்தி, மதினி” என்றாள் உலகம்மையிடம், கை விரலெல்லாம் வெந்து சிவந்திருக்க. “தேச்சு எடுத்துட்டேன். நீங்களும் எடுத்துப்போடுங்க. அண்ணாச்சி இளைக்கத இளைப்பு எங்க வீட்டு வரைக்கும் கேக்கு.”

உலகம்மை அன்று மாலை பேச்சை எடுத்தாள். “சுரண்டிருவோம்ங்க.”

ஓதுவார் பாயைத் தட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். பாயை விரித்து முடித்துச் சொன்னார்: “அதைச் சுரண்டிட்டா என் குரலும் போயிரும், உலகு. என்கிட்ட இல்ல அது, அங்கதான் இருக்கு. நான் பாடினதை இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல. இப்பதான் கேக்கேன். இவ்வளவு நல்லாவா பாடிருக்கேன்?”

“நல்லாத்தான் பாடினிய.”

“அப்ப அது பாடட்டும். பெருமானுக்குப் பாட்டுதானே வேணும்? இந்தக் கட்டை எதுக்கு?”

“பாட்டு மட்டும் போதும்னா சுவரோட நிறுத்திருப்பாரே. மனுசனை எதுக்குப் படைச்சாரு?” என்றாள் அவள். “எனக்கு அந்தச் சுவரோட கல்யாணம் ஆகல. அது நல்லா பாடுனா பாடட்டும், அதுக்கு நான் வெந்நீர் வைக்க முடியாது.”

அவர் சிரிக்க முயன்று இருமினார்.

ஆடிக் கடைசி வெள்ளி. வீட்டில் நிற்க இடமில்லை. சுவர் அன்று பாடியதைப் போல் அதற்குமுன் பாடியதில்லை. பண் ஒவ்வொரு படியாய் ஏறி, ஏறிய இடத்தில் விளக்குச் சுடர்போல் அசையாமல் நின்று, நின்ற இடத்திலிருந்து பூவாய் உதிர்ந்து இறங்க, கூட்டம் முழுவதும் கண்ணை மூடி ஒரே ஆளாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது. கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஓதுவாருக்கு அப்போது மூச்சு நின்றது. உள்ளே இழுத்தார், வரவில்லை. பக்கத்திலிருந்தவரின் தோளைப் பற்றினார். அவர் அதைப் பக்திப் பரவசம் என்று எண்ணி அந்தக் கையின்மேல் தம் கையை வைத்துக்கொண்டார். சுவர், அவருடைய குரலில், அவருக்கு மிகவும் பிடித்த அடியை, ஒரு மாத்திரை பிசகாமல் பாடிக்கொண்டே இருந்தது. அவர் மூச்சில்லாமல் கிடந்து அதைக் கேட்டார். தன் குரலுக்குத் தான் வேண்டியிருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

கொல்லையிலிருந்து உலகம்மை ஓடிவந்தாள். பார்த்து வந்தாளா, கேட்டு வந்தாளா என்பதை யாரும் அறியார். கூட்டத்தைத் தள்ளி, அவரைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறுகையை அவர் கழுத்தில் வைத்துப் பிடித்தாள். சாரல் காற்று முகத்தில் அடித்தது. மூச்சு, ஊசிமுனையளவு, உள்ளே போயிற்று. பிறகு நூலளவு. பிறகு சுண்டல்காரர் விசிறிய விசிறலில் இன்னும் கொஞ்சம்.

கூட்டம் தலைகுனிந்து நின்றது. மூக்கையா பிள்ளை செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் நின்று, “தப்பா நினைக்காதீங்க, அக்கா” என்றார்.

ஓதுவார் பேச்சு வந்தவுடன் சொன்ன முதல் சொல்: “சுரண்டிரு.”

ஆவணியில் சாரல் விலகி வெயில் முகம் காட்டிய ஒரு காலைப்பொழுதில் வேலை தொடங்கியது. ஓதுவாரைச் செண்பகவடிவு வீட்டில் போய் இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். முதலில் சுவரை நோக்கிக் கைகுவித்து, “இத்தனை நாள் என் ஊழியத்தைப் பார்த்தாய்” என்று முறையாய் விடைபெற்றுக்கொண்டார். பீர்முகமதுவும் மூக்கையா பிள்ளையும் மூச்சைப் பிடித்துப் பீரோவை நகர்த்தினார்கள்.

பின்னால், பூசணத்துக்கு அடியில், ஒரு சன்னல் இருந்தது. அந்த வீட்டில் மேற்கே ஒரு சன்னல் உண்டென்பதையே ஓதுவார் மறந்திருந்தார். கதவு சாத்தி, இடுக்கெல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்து, ஓர் இழை காற்றும் நுழையாதபடி அடைத்திருந்தது. வெளியே வெந்நீர் அடுப்பின் ஆவி, உள்ளே சாரலின் ஈரம், நடுவில் போக்கிடமில்லாத சுவர்.

உலகம்மை தானே முன்வந்து சொன்னாள்: “நாந்தான் அடைச்சேன். வந்த புதுசுல, சாரக்காத்து பட்டு உங்களுக்குத் தொண்டை கட்டிச்சு. காத்து படாம இருக்கட்டும்னு பீரோவையும் தள்ளி வச்சேன்.” அவள் கிழிந்த வேட்டித் துண்டு ஒவ்வொன்றாய் உருவினாள். “இதுதான் உங்களைக் கொல்லப் பாத்துச்சுன்னு தெரியாமப் போச்சே.”

“நீ பிடிச்ச பிடி அப்படி” என்றார் ஓதுவார். அதில் குறையில்லை, கேட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது.

தூள் பறக்காமலிருக்கச் சுவரை நன்றாய் நனைத்தார்கள். நனைய நனையப் பாட்டு தாழ்ந்தது. கொத்துக்கரண்டியால் பீர்முகமது மேலிருந்து சுரண்ட, ஒவ்வொரு வழிப்பிலும் ஒரு சொல் உதிர்ந்து வாளிக்குள் விழுந்து சிறிது நேரம் முனகி ஓய்ந்தது. ஊறிப்போன பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். நண்பகலில் ஓதுவாரின் குரல் அந்தச் சுவரில் எங்கும் இல்லை. சன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்தில் உள்ளங்கையளவு பூசணம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பீர்முகமது கரண்டியை ஓங்கியவர் நிறுத்தினார். “ஐயா, இங்க வந்து கேளுங்க. இது நீங்க இல்ல.”

ஓதுவார் காதை வைத்துக் கேட்டார். பாட்டில்லை, சொல்லில்லை. ஓர் இடைவெளி விட்டு, “ம்.” மறுபடியும் ஓர் இடைவெளி, ஓர் அடிப் பாட்டு பாடி முடிக்கிற அளவு. “ம்.” ஒவ்வோர் அடியையும் வாங்கிக்கொண்டு, சரி, மேலே சொல்லுங்கள் என்று யாரோ வாய்திறவாமல் சொல்லும் “ம்.”

அவர் மெல்ல நடந்து கொல்லைக்குப் போனார். சாய்ப்பில் வெந்நீர் அடுப்புக்கு அருகே, வெளிச்சுவரில், அந்தப் பூசணத்துக்கு நேர் எதிரே, ஓர் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாய்க் கறுத்திருந்தது. தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் ஊறிய தேங்காயெண்ணெய். கல்யாணமாகி வந்த நாள் முதலான விடியற்காலைகளெல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தன. அதன் உயரம் உலகம்மையின் உயரம்.

“விறகு ஊத நேரம் சரியா இருக்குன்னியே” என்றார்.

“ஊதிக்கிட்டேதான் கேட்டேன்” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி. “எதிர உக்காந்தா நீங்க என்னையப் பாத்துப் பாடுவிய. சாமியைப் பாத்துப் பாடணும்லா?”

அந்த உள்ளங்கையளவை அவளே நனைத்து, அவளே எடுத்தாள். எடுக்கும்போது அது கடைசியாய் ஒருமுறை சொன்னது. அவளும் கூடவே சொல்லிவிட்டாள்.

சன்னல் திறந்தபடியே இருந்தது. வெந்நீர் அடுப்பைக் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றினார்கள். சுவர் புரட்டாசி வெயிலில் காய்ந்து, தட்டினால் மண்பானைபோல் ஓசை தந்தபோது, புதுப் பூச்சு பூசினார்கள். செண்பகவடிவின் கணவர் தம் கமுகந்தோட்டத்தில் தெளிக்க வைத்திருந்த நீல மயில்துத்தத்திலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து, “நஞ்சுதான், ஆனா இது சுவருல இருக்கிற வரைக்கும் பூசணம் கிட்ட வராது” என்று சுண்ணாம்பில் கலந்து கொடுத்தார். அடித்து உலர்ந்தபோது மேற்குச் சுவர் இளநீலமாய் நின்றது. அதைப் பார்க்க வந்தவர்கள் நெற்றிக்கு நேரே கைகுவித்துவிட்டுப் போனார்கள்.

ஓதுவாரின் இளைப்பு குறைந்தது. விசில் நின்றது. குரல் வந்தது, பழைய குரல் வரவில்லை. கீழ்ச்சுதியில், கொஞ்சம் மணல் கலந்து, அடிக்கொருதரம் ஓய்வு கேட்கிற ஒரு குரல். “வேற ஆள் யாரையாவது வெளியூர்லருந்து வரச் சொல்லட்டுமா?” என்று மூக்கையா பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டார். “நான் பாடுதேன்” என்றார் ஓதுவார்.

ஐப்பசித் திருக்கல்யாணம். ஊர் முழுவதும் மண்டபத்தில். பெருமானும் அம்மையும் பட்டுடுத்தி மணமேடையில் அருகருகே நிற்க, அர்ச்சகர் மங்கலநாணைக் கையில் ஏந்தினார். பீர்முகமது தூணோரம் நின்று மைக்கை உயர்த்தினார். ஓதுவார் முதலடியைப் பாடினார், மண்டபம் அமைதியாயிற்று. இரண்டாமடியின் உச்சத்துக்குப் போகும் வழியில் மூச்சு தீர்ந்தது. பாதிச் சொல்லில் குரல் அறுந்து நின்றது. கெட்டிமேளத்துக்கு ஓங்கிய கோல் ஓங்கியபடி நின்றது. தாலி அர்ச்சகரின் விரல்களில் நின்றது. கேட்டுப் பழகிய அந்த இளமைக் குரல் ஊராரின் நினைவில் ஒரு கணம் எழுந்து, பின் அதுவும் அடங்கிற்று.

பெண்கள் பக்கத்திலிருந்து, தாழ்ந்து, வாய்திறவாமல், ஓர் ஒலி வந்தது.

“ம்.”

ஓதுவார் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மையைத்தான் பார்த்தார். அந்த “ம்”மின்மேல் காலூன்றி நின்று ஒரு மூச்சை நிறைய இழுத்தார், விட்ட பாதிச் சொல்லிலிருந்து தொடங்கினார், அடி முடிந்தது. “ம்.” மூன்றாமடி. “ம்.” இப்போது அது ஒரு குரலாய் இல்லை, செண்பகவடிவும் சேர்ந்திருந்தாள், அவள் மாமியாரும் சேர்ந்திருந்தாள். நான்காமடியில் தாலி ஏறியது, கெட்டிமேளம் கொட்டியது, பீர்முகமது மைக்கைப் பெண்கள் பக்கமாய்த் திருப்பிவிட்டுத் தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றுமுதல் நீலப்பேரியில் பதிகம் அப்படித்தான் நடக்கிறது. ஓதுவார் ஓரடி பாடி நிறுத்துவார். பெண்கள் “ம்” என்பார்கள். பிறகுதான் அடுத்த அடி. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இது எந்த ஆகமத்தில் உள்ளது என்று கேட்டால், எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிச் சுண்டல் கொடுப்பார்கள். விடியற்காலையில் நீலச் சுவரோரம் அவர் பண் பயிலும்போது உலகம்மை உள்ளேதான் இருக்கிறாள். எதிரே உட்காருவதில்லை, சன்னலோரம், காற்று வருகிற பக்கம்.

இதைக் கேட்டவர் வீட்டுச் சன்னல்கள் திறந்திருக்கட்டும். பீரோவுக்குப் பின்னாலும் வெயில் போய் வரட்டும். அன்பினால் அடைத்தது எதுவோ அது அன்பினாலேயே திறக்கட்டும். நஞ்சை நிறுத்திய மிடறும், அதைப் பிடித்த கையும் உங்கள் மூச்சைக் காக்கட்டும். அது தடுமாறும் இடத்தில் “ம்” என்று சொல்ல உங்களுக்கும் ஒருவர் அருகில் இருக்கட்டும். மற்றொருவருக்கு நீங்கள் இருங்கள். வாழ்க.